மூன்றாவது துளை

பங்களா ஏலத்தில் ஆறாயிரத்துக்கு விழுந்தது.
வெள்ளி முகம், மர உடம்பு,
ஜப்பானில் எழுபத்தாறில் பிறந்த ஸ்டீரியோ ரிசீவர்.
பொகவந்தலாவையில் கடைசி பஸ் பிடித்து
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.
பதினாலு கிலோ.
கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கட் கிழித்தான்.

போட்டதும் வாய் திறந்தது.
பாட்டு இல்லை. ம்ம்ம்ம் என்று,
கடன் கேட்க வந்தவன்
விஷயத்துக்கு வராமல் இழுப்பது மாதிரி.

சத்தங்களை முதலில் பிரிக்கவேண்டும்,
அரிசியில் கல் வேறு, உமி வேறு.

வால்யூமைத் திருகினால் கரகரப்பு: அது தூசி.
ஸ்பிரே அடித்து நாற்பது தடவை
இப்படியும் அப்படியும் திருப்பினேன், போனது.
வலது பக்கம் நினைத்தால் பாடும், நினைத்தால் கோபிக்கும்:
மூடியைக் கழற்றி, அகப்பைக் காம்பால்
ஒவ்வொன்றாய்த் தட்டிக்கொண்டே போனேன்.
ரிலேயின் காலடியில் ஈயம் விட்டிருந்தது.
ஒரு சொட்டு. சரி.
ஸ்ஸ்ஸ் என்று ஒன்று. அதற்கு
இரண்டு டிரான்சிஸ்டர், இரண்டு ராத்திரி.
மூன்றாம் நாள் மழை விட்டது.
அதுவும் விட்டது.
கூரைத் தகரத்தையா
பழுது பார்த்துக்கொண்டிருந்தேன்?

ம்ம்ம் மட்டும் மிச்சம்.
கொழும்புக்குச் சொல்லி
பெருவிரல் தடிப்பில் இரண்டு கப்பாசிட்டர் வந்தது.
பாதி போனது.
மீதிப் பாதி, வால்யூமைக் கூட்டக் கூட்ட
என்னோடு சேர்ந்து ஏறியது.

அமுதவல்லி கொழுந்து நிறுத்துவிட்டு வந்தாள்.
ஈரக் காலோடு
பெட்டிமேல் கை ஊன்றி, "சாப்பிடலையா?" என்றாள்.
நின்றது.
கையை எடு என்றேன். வந்தது.
வை என்றேன். நின்றது.
"விர்ருங்குது. எனக்கு வேற வேலை இல்லையா" என்று
கையைக் கொண்டுபோய்விட்டாள்.

அப்போதுதான் சுவரைப் பார்த்தேன்.
முதல் காம்பராவிலிருந்து பத்தாவது வரை
ஒரே வயர், இரண்டே கம்பி.
பிளக்கின் மேல் துளைக்குப் பின்னால்
சிமெந்துப் பொடியும் ஒரு செத்த கரப்பானும்.
எர்த் இல்லை.
நாலு தலைமுறை பெற்று வளர்த்த லயம்.
எர்த் இல்லை.

ஆறடி இரும்புக் குழாய்.
லயத்துக்குப் பின்னால், லீக்ஸ் பாத்திக்கும் கானுக்கும் நடுவே
டோர்ச் வெளிச்சத்தில் இறக்கினேன்.
நாலடியில் கல். அதோடு விட்டேன்.
கரி, உப்பு, ஒரு வாளித் தண்ணீர்.
பெட்டியின் முதுகிலிருந்து ஒரு பச்சை வயர்.

காலையில் பீல்ட் ஒபிசர் வந்தார்.
"என்ன குழாய் இது?"
"எர்த்துங்க."
"யாரக் கேட்டுத் தோண்டின?"
வாயில் வந்ததை விழுங்கி,
"பாட்டுக் கேக்கத்தான் சேர்" என்றேன்.
புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனார்.
கடிதம் இன்னும் வரவில்லை.

பின்னேரமே ஐந்தாம் காம்பரா ரூபவதி வந்தாள்.
அவள் அயன்பொக்ஸ் ஆறு மாதமாய்க் கையைச் சுண்டுகிறதாம்.
கதவு நிலை ஓரமாய் ஒரு வயர் இழுத்தோம்.
அடுத்து ஏழாம் காம்பரா இன்னாசி, அவனுடைய பழைய பிரிஜ்.
அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை.
கூரை விளிம்பில் பச்சைக் கொடி படர்ந்து
ஒரே குழாயில் இறங்குகிறது.

ராத்திரி பெட்டியைப் போட்டால்
பாட்டுக்கு முன்னால், பாடுகிறவள்
மூச்சிழுப்பது கேட்கிறது.

இன்னாசியின் பிரிஜ் உதறி எழும்போது மட்டும்
இடது ஸ்பீக்கரில் மெல்ல ஒரு ம்ம்.
எங்கிருந்து வருகிறதென்று தெரியும்.
எந்த முடிச்சைக் கழற்றினால் நிற்குமென்றும் தெரியும்.
வால்யூமைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறேன்.